கல் இல்லாத கிட்னி வீக்கம்

திருச்சியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினொரு வருடமாக ரிப்போர்ட் டைப் அடிக்கிறேன். இருட்டறையில் டாக்டர் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை அழுத்தி நகர்த்திக்கொண்டே சொல்லச் சொல்ல, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் தட்டுவேன். ஒரு நாளைக்கு நாற்பது வயிறாவது வரும். எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாக அடித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போக ராத்திரி பத்து மணி ஆகிவிடும். அதனால் அடிக்கடி வரும் வரிகளைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்திருப்போம். மூன்று எழுத்து தட்டினால் முழு வரியும் வந்து விழும். கல்லீரல் இயல்பு, பித்தப்பையில் கல் இல்லை, மண்ணீரல் இயல்பு, இப்படி.

அந்தச் சேமிப்பில் இருக்கும் இரண்டு வரிகளால்தான் இந்தப் பதிவு.

ஒன்று ஹைட்ரோநெப்ரோசிஸ். ஹைட்ரோ என்றால் தண்ணீர், நெப்ரோஸ் என்றால் சிறுநீரகம். இரண்டும் கிரேக்கச் சொற்கள். சிறுநீர் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கி, சிறுநீரகத்தின் உள்ளறைகள் உப்பிப்போவதற்கு அந்தப் பெயர். வருகிறவர்கள் ‘கிட்னில வீக்கம்’ என்பார்கள், ‘கிட்னில நீர் கோத்திருக்கு’ என்பார்கள். இந்த வரியை அடித்தால் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இளவட்டமாக இருந்தால் கல். வயதான ஆணாக இருந்தால் புரோஸ்டேட். கர்ப்பிணியாக இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிடும். வயதான பெண்ணாக இருந்தால் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கர்ப்பப்பை வாய்ப் புற்று வளர்ந்து சிறுநீர்க் குழாயை நெருக்கினாலும் இப்படித்தான் வரும்.

இரண்டாவது வரி, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குப் போடுவது: ‘கர்ப்பப்பை சுருங்கியுள்ளது, தெளிவாகத் தெரியவில்லை.’ மாதவிடாய் நின்ற பிறகு கர்ப்பப்பை சுருங்குவது இயல்புதான். வயிற்றில் காற்று இருந்தாலோ மூத்திரப்பை சரியாக நிறையாவிட்டாலோ அது கண்ணுக்குச் சிக்காமல் போவதும் உண்டு. அதனால் அந்த வரியை யாரும் நின்று படிப்பதில்லை. அடிக்கிற நானே படித்ததில்லை.

போன வருடம் மாசி மாதம், சம்பா அறுவடை முடிந்த கையோடு, என் பெரியம்மாவுக்கு இந்த இரண்டு வரிகளையும் ஒரே ரிப்போர்ட்டில் அடித்தேன்.

பெரியம்மாவுக்கு 67 வயது. மன்னார்குடிப் பக்கம் கிராமம். ஐந்து பிள்ளை, ஐந்தும் வீட்டிலேயே பிறந்தவை. என் அம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால், லீவு விட்டால் நான் பெரியம்மா வீட்டில்தான் கிடப்பேன். நடவுக்குப் போகிற பெண்கள் கூட்டத்தில் பெரியம்மாதான் முன்னத்தி. முட்டி மடங்காமல் இடுப்பை மட்டும் வளைத்து, பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து, வரப்பு தட்டும்வரை நிமிரவே மாட்டார். அப்படிப்பட்ட மனுஷிக்கு இரண்டு மாதமாகக் கால் வீக்கம், சோறு பிடிக்கவில்லை, ராத்திரியில் குமட்டல். உள்ளூர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார். கிரியாட்டினின் 3.1. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் எண். பெண்களுக்கு ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய கணக்கு அது. அண்ணன் போன் பண்ணி, “அம்மாவுக்கு கிட்னி போயிடுச்சாம்டி” என்று அழ ஆரம்பித்துவிட்டான். திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு வா என்றேன்.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்திலும் நடுத்தர அளவுக்கு வீக்கம். சிறுநீர்க் குழாய்கள் இரண்டும் மேலிருந்து கீழ்முனை வரை விரிந்து கிடந்தன. கல் எங்கேயும் இல்லை. மூத்திரம் போய்விட்டு வந்து படுத்த பிறகும் பையில் 240 மில்லி மிச்சம். டாக்டர் சொல்லிக்கொண்டே வந்து, “யூட்டரஸ் அட்ராபிக், சரியா விஷுவலைஸ் ஆகல” என்றார். நான் மூன்று எழுத்தைத் தட்டினேன். வரி விழுந்தது. பிரிண்ட் எடுத்து, கவரில் போட்டு, என் கையாலேயே பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

அங்கிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். சிறுநீரக அறுவை டாக்டர் நல்ல மனிதர்தான், அவசரப்படாமல் பேசினார். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிப் போடுவீர்களா, முன்னால் கல் வந்ததுண்டா, எல்லாம் கேட்டார். கிரியாட்டினின் ஏறியிருப்பதால் மருந்து ஏற்றாமல் வெறும் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். அதிலும் கல் இல்லை. குழாய்கள் எங்கோ கீழே சுருங்கியிருக்கலாம், இரண்டு பக்கமும் ஸ்டென்ட், அதாவது குழாயைத் திறந்து வைக்கும் மெல்லிய டியூப், வைத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. இதற்குள் பதினொரு நாள் ஓடிவிட்டது. அந்தப் பதினொரு நாளில் பெரியம்மாவைப் பார்த்தவர்கள் நான்கு டாக்டர்கள், ஏழெட்டு நர்ஸ்கள், அப்புறம் நான். எல்லாரும் தொப்புளுக்கு மேலேயே பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்டென்டுக்கு நாள் குறித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், இரண்டு துணிப்பட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. பழைய நூல் சேலையைக் கிழித்தது. ஒரு சாண் அகலம், இரண்டு முழ நீளம். ஓரத்தை நூலால் மடித்துத் தைத்திருந்தது. இரண்டு முனையிலும் பாவாடை நாடா. நன்றாகத் துவைத்துத்தான் போட்டிருந்தார், ஆனாலும் நடுவில் பழுப்பாக ஒரு கறை போகாமல் நின்றது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாடை. அறுபத்தேழு வயதில் இந்தத் துணி எதற்கு?

கீழே வந்து, “என்ன பெரியம்மா இது?” என்றேன்.

“பழந்துணிடி. மூஞ்சி தொடைக்க.”

“மூஞ்சி தொடைக்கிற துணிக்கு எதுக்கு நாடா?”

பெரியம்மா பதில் சொல்லவில்லை. டி.வி. சத்தத்தைக் கூட்டினார். ஒரு சீரியல் முழுக்க ஓடி முடியும்வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விளம்பரம் வந்தபோது திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

“அடி எறங்கிக் கெடக்கு பாப்பா. கட்டலன்னா நடக்க முடியாது.”

“எப்பலேர்ந்து?”

“சின்னவன் பொறந்ததுலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். குந்துனா முட்டையாட்டம் வரும், படுத்தா உள்ள போயிடும். ஒங்க பெரியப்பா செத்த வருசம் முழுசா வெளிய வந்துருச்சு. அதுலேர்ந்து கட்டிக்கிறதுதான்.”

பெரியப்பா இறந்து பன்னிரண்டு வருடம்.

“ஒண்ணுக்குப் போறப்ப?”

“கையால உள்ள தள்ளிட்டுப் போனா நல்லாப் போவும். இல்லன்னா சொட்டுச் சொட்டாத்தான்.”

“ஆஸ்பத்திரில இத்தனை நாளு இருந்தோமே, ஏன் பெரியம்மா சொல்லல?”

“அவரு கிட்னியத்தானே பாத்தாரு? கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேனே. இதை யாரு கேட்டா? மவன் வயசுப் புள்ளகிட்ட நானாப் போயி இதைச் சொல்ல முடியுமா?”

மறுநாள் காலையில் எங்கள் சென்டருக்கு எதிர்ச்சாரியில் கிளினிக் வைத்திருக்கும் மகப்பேறு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதுமே அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். படுக்க வைத்துப் பார்த்தார், அப்புறம் எழுப்பிக் குந்த வைத்து, “இருமுங்க அம்மா” என்றார். நான் பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இருமிய இருமலில் கர்ப்பப்பை மொத்தமும் வெளியே வந்து நின்றது. மூத்திரப்பையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருந்தது. அடியில் ஐம்பது பைசா அளவுக்குப் புண். வருடக் கணக்காகத் துணியில் உரசி உரசி வந்தது. துணியில் பார்த்த கறை அதுதான்.

“கிட்னி வீக்கத்துக்குக் காரணம் இங்க இருக்கு” என்றார் டாக்டரம்மா. அவர் அன்று ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன்.

சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய், பக்கத்துக்கு ஒன்று, கிட்டத்தட்ட 25 செ.மீ. நீளம். அகலம் சில மில்லிமீட்டர்தான். முதுகுப் பக்கம் இறங்கி வந்து, இடுப்புக் குழிக்குள் நுழைந்து, கர்ப்பப்பை வாயின் பக்கவாட்டில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கடந்து, மூத்திரப்பைக்குள் போகிறது. அந்த இடத்தில் கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய் இதற்கு மேலே குறுக்கே போகும். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற மாதிரி என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்களாம். கர்ப்பப்பையை எடுக்கும்போது ரத்தக் குழாயைக் கட்டுகிறேன் என்று இதையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது என்பதற்காக.

இப்போது கர்ப்பப்பை கீழே இறங்குகிறது. அதைத் தாங்கி நிற்கும் தசையும் தசைநாரும் பிரசவத்தில் இழுபட்டோ கிழிந்தோ போயிருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு அவை இன்னும் தளர்கின்றன. கனம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, நாள்பட்ட இருமல், எல்லாம் மேலிருந்து அழுத்துகின்றன. கர்ப்பப்பை இறங்கும்போது மூத்திரப்பையின் அடிப்பாகமும் கூடவே வருகிறது. குழாய்கள் போய்ச் சேரும் வாசல் அந்த அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. ஆக, குழாயின் மேல்முனை முதுகில் நிற்க, கீழ்முனை இரண்டு தொடைக்கும் நடுவே போய்விடுகிறது. நடுவில் குறுக்கே போகும் ரத்தக் குழாயும் கூட இறங்கி, அதன்மேல் கயிறு போலப் படிகிறது. வெளியே தள்ளி நிற்கும் சதைக்கும் இடுப்புத்தளத் தசையின் விளிம்புக்கும் நடுவில் குழாய் நசுங்குகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் ஓரிடத்தில் மடிந்தால் குழாய்முனையில் ஒன்றும் வராமல் பின்னால் புடைக்குமே, அதுதான். இது போதாதென்று மூத்திரம் வெளியேறும் வழியும் மடிந்துவிடுவதால் பை முழுதாகக் காலியாவதில்லை. எங்கள் ஸ்கேனில் வந்த 240 மில்லி அந்தக் கணக்கு.

பெரியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ரப்பர் குழாய் தேவைப்பட்டது, அவருக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. “வடிகால்ல அடைப்பு. மேல வயல்ல தண்ணி நிக்கிது. வயல்ல நின்னுக்கிட்டுத் தேடுனா அடைப்பு ஆப்புடுமா?” என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

வலி ஏன் இல்லை என்று கேட்டேன். கல் வந்து சட்டென்று அடைத்தால் ஆள் உருண்டு புரள்வார். இது வருடக் கணக்கில் மெல்ல மெல்ல நெருக்குவது, சிறுநீரகம் சத்தம் போடாமலே வீங்கும் என்றார். பலருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரிய வருமாம். படுக்க வைத்து ஸ்கேன் எடுப்பதில் இன்னொரு சிக்கல். மல்லாந்து படுத்ததும் இறங்கியது பாதி உள்ளே போய்விடும். கருவியோ அடிவயிற்றோடு நின்றுவிடுகிறது. கர்ப்பப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், சுருங்கிவிட்டது என்று ஒரு வரி.

அன்று மத்தியானம் எங்கள் ஸ்கேன் டாக்டரிடம் இதைச் சொன்னேன். அவர் அந்த மருத்துவமனை கொடுத்த சி.டி. படத் தகட்டைக் கேட்டு வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டார். பக்கவாட்டுக் கோணத்துக்குத் திருப்பினார். மூத்திரப்பையின் அடிப்பாகம் இடுப்பின் முன்னெலும்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் காட்டினார். எனக்கே தெரிந்தது. ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல் இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள், இல்லை என்று பதில் எழுதியிருந்தார்கள். “நம்ம ரிப்போர்ட்டும் அப்படித்தானே சார்” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தகட்டை உறையில் போட்டுக் கொடுத்தார். அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டோம்.

இது என்னவோ அபூர்வமான கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் தேடிப் படித்தேன். 1923-லேயே நியூயார்க்கில் பிரெட்டவர், ரூபின் என்ற இரண்டு டாக்டர்கள் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் இறங்கியவர்களிடம் சிறுநீரக வீக்கம் ‘அடிக்கடி’ காணப்படுகிறது என்று தலைப்பிலேயே இருக்கிறது. 1997-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இறக்கத்துக்காக அறுவைக்கு வந்த 323 பெண்களைப் பார்த்தபோது 7.7 சதவீதம் பேருக்கு வீக்கம் இருந்திருக்கிறது. பதின்மூன்று பேரில் ஒருவர். அதிலும் இறக்கம் கூடக் கூட வீக்கத்துக்கான வாய்ப்பும் கூடுகிறது. டாக்டர்கள் இறக்கத்தைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை படி போட்டுச் சொல்கிறார்கள். 1996-இல் வந்த கணக்கு அது, யோனி வாயிலை எல்லையாக வைத்து எத்தனை சென்டிமீட்டர் மேலே, எத்தனை கீழே என்று அளப்பது. பெரியம்மா நான்காம் படி. முதல் இரண்டு படியில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிட்னியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. மூன்று, நான்கு என்றால், ஒரு ஸ்கேனும் கிரியாட்டினினும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது. இரண்டும் பெரிய செலவில்லை.

நேபாளத்தைப் பற்றியும் படித்தேன். சுமார் 6 லட்சம் பெண்களுக்குக் கர்ப்பப்பை இறக்கம் இருப்பதாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்ட நாடு. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இது இந்த அளவுக்குப் பரவிக் கிடப்பதே பெண்களின் இனப்பெருக்க உரிமையை மீறுவதுதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிள்ளை பெற்ற சில நாளில் சுமை தூக்கப் போவது அங்கே பெரிய காரணம் என்று எழுதியிருந்தார்கள். பெரியம்மா சின்னவனைப் பெற்ற முப்பதாம் நாள் நாற்றுக்கட்டு தூக்கியவர். எனக்குத் தெரியும், அதை அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

சிகிச்சைக்கு வருகிறேன். ஸ்டென்டை நிறுத்தி வைத்தார்கள். டாக்டரம்மாவே அந்த மருத்துவமனைக்குப் போன் பண்ணிப் பேசி, இன்னொரு இடத்தில் சேர்த்தார். முதல் வேலை, இறங்கியதை உள்ளே தள்ளி அங்கேயே நிற்க வைப்பது. மூத்திரத்துக்கு டியூப் போட்டார்கள். நீளமான காஸ் துணியை அக்ரிஃபிளேவின் கலந்த கிளிசரினில் நனைத்து உள்ளே அடைத்தார்கள். மஞ்சள் கிழங்கை அரைத்த மாதிரி பளீரென்ற மஞ்சள், லேசாகப் பச்சை அடிக்கும். கிளிசரின் வீங்கிய சதையிலிருந்து நீரை இழுக்கும், அக்ரிஃபிளேவின் கிருமியைக் கொல்லும். தினமும் மாற்ற வேண்டும். மெத்தை விரிப்பு, பெரியம்மாவின் சேலை, என் சுடிதார் ஓரம், எல்லாம் மஞ்சளானது. “மஞ்சத்தண்ணி ஊத்துற வயசாடி எனக்கு?” என்று பெரியம்மா பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். புண்ணில் ஒரு துளி சதை எடுத்து அனுப்பினார்கள், புற்று இல்லை என்று வந்தது. புண் ஆறுவதற்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு.

முதல் நாள் டியூபில் மாட்டிய பை நிறைய நிறைய நர்ஸ் அளந்து ஊற்றினார். இருபத்துநான்கு மணி நேரத்தில் நாலு லிட்டருக்கு மேல் போனது. எனக்குப் பயமாகிவிட்டது. அடைப்பு திறந்ததும் இப்படித்தான் கொட்டும், உப்பும் சேர்ந்து போய்விடும், அதனால்தான் மணிக்கு மணி அளக்கிறோம் என்றார்கள். போன அளவைப் பார்த்து ஊசியில் நீர் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 2.0. மூன்றாவது வாரம் 1.4. கால் வீக்கம் வடிந்து, கொலுசு போட்ட தடம் மறுபடி தெரிந்தது. ஒரு துணியை உள்ளே அடைத்ததில் இறங்கிய எண்கள் இவை. இரண்டு வாரத்துக்கு முன்னால் அண்ணன் டயாலிசிஸ் செலவுக்கு நிலத்தை ஒத்திக்கு வைக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வழி சொன்னார்கள். ஒன்று, வளையம். சிலிக்கானில் செய்தது, உள்ளே மாட்டிவிட்டால் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும். பழங்காலக் கிரேக்கர்கள் இதே வேலைக்குப் பாதி மாதுளம்பழத்தை வைத்தார்களாம். படித்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் பெரியம்மாவின் துணிப்பட்டை ஞாபகம் வந்து நின்றுவிட்டது. வளையத்திலேயே கிட்னி வீக்கம் வடிந்தவர்கள் இருக்கிறார்கள், அறுவை தாங்காத உடம்புக்கு அதுதான் நல்லது. ஆனால் சில மாதத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வழி, கீழ் வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தொங்கும் சதையைத் தைத்து ஏற்றிக் கட்டுவது. பிள்ளை பெற வேண்டிய வயதில் இறக்கம் வருபவர்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் முறைகள் இருக்கின்றன. ஷிரோட்கர், புரந்தரே என்று மும்பை டாக்டர்களின் பெயரிலேயே நடப்பவை.

பெரியம்மா அறுவைதான் என்றார். “வளையத்தக் கழுவ நான் மூணு மாசத்துக்கு ஒருக்கா திருச்சிக்கு வரணுமா?”

“பஸ்தான் பொம்பளைங்களுக்கு ஃப்ரீயாச்சே பெரியம்மா.”

“டவுன் பஸ்சுதான்டி ஃப்ரீ. திருச்சி வரைக்கும் எவன் சும்மா ஏத்துவான்?”

முதுகில் ஊசி போட்டுத்தான் அறுவை. ஒன்றரை மணி நேரம். இறங்கிக் கிடந்த உடம்பில் குழாய் எந்த இடத்தில் போகும் என்று சொல்ல முடியாது, தையலில் சிக்கிவிடும் அபாயம் அதிகம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். அதனால் முடித்ததும் மூத்திரப்பைக்குள் கேமராவை விட்டு, இரண்டு குழாய் வாசலிலிருந்தும் சிறுநீர் வருகிறதா என்று பார்த்தார்களாம். வெளியே வந்தவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு முதலில் சொன்னது அதைத்தான்: “ரெண்டு பக்கமும் நல்லாப் பீச்சுது.” அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கும்பிட்டான்.

அந்த வார்டில் இருந்த ஒன்பது நாளில் எனக்கு ஒன்று உறைத்தது. பெரியம்மா தன் கதையைப் பக்கத்துக் கட்டிலில் சொன்னதும், அந்த அம்மா தன் நாத்தனாருக்கும் இருக்கிறது என்றார். சாப்பாட்டுக் கூடை கொண்டு வந்த ஓர் அக்கா, காதோடு காதாக, “எனக்கும் குந்துனா வருது, யார்கிட்ட காட்டணும்?” என்று கேட்டார். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சோதித்ததில் ஆரம்பப் படிதான். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லி அனுப்பினார்கள். ஊரிலும் இப்படித்தான் இருந்திருக்கிறது. நடவுக் கூட்டத்தில் யார் யாருக்கு அடி இறங்கியிருக்கிறது என்று பெரியம்மா விரல் விட்டு எண்ணினார். யார் எந்தத் துணி கட்டுகிறார்கள் என்பதுவரை தெரிந்திருந்தது. “அதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நாற்பது வருடம் ஓட்டியிருக்கிறார்கள். பெண்களுக்குள் இது ரகசியமாக இருந்ததே இல்லை, டாக்டர் நாற்காலிக்கு முன்னால் மட்டும்தான் வாய் அடைத்துப் போயிருக்கிறது.

சென்டரில் சேமித்து வைத்த வரிகளை நான் அழித்துவிடவில்லை. நாற்பது வயிற்றுக்கு அது வேண்டும். ஆனால் வயதான பெண்ணுக்கு இரண்டு பக்கமும் வீக்கம், கல் இல்லை என்று டாக்டர் சொல்லும்போது கை தானாக நின்றுவிடுகிறது. திரையை விலக்கி உள்ளே போவேன், பாட்டியின் வயிற்றிலிருந்து ஜெல்லைத் துடைத்துவிடும் சாக்கில் குனிந்து, “கீழ ஏதாச்சும் எறங்குதாம்மா?” என்று கேட்பேன். இது என் வேலை இல்லைதான். டாக்டர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். இல்லை என்கிறவர்கள்தான் அதிகம். சிலர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, “ஒனக்கு எப்படிம்மா தெரியும்?” என்பார்கள்.

அறுவை முடிந்து மூன்றாவது மாதம் பெரியம்மா மறு ஸ்கேனுக்கு வந்தார். நான்தான் அடித்தேன். வலது சிறுநீரகம் இயல்பு. பையில் மிச்சம் 15 மில்லி. இடதில் லேசான வீக்கம் மிச்சம் இருந்தது. ரொம்ப நாள் தேங்கிய இடம் பழையபடி முழுதாகச் சுருங்காமலும் போகலாம், வேலை ஒழுங்காகச் செய்தால் போதும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கிரியாட்டினின் 1.2.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பிரித்து, எந்த வரியில் என்ன இருக்கிறது என்று விரலை வைத்துக் கேட்டார். சொன்னேன்.

“எடது பக்கம் வத்தாதா அப்ப?”

“வத்தலாம், கொஞ்சம் நிக்கவும் நிக்கலாமாம்.”

“கெழக்கு வயலும் அப்புடித்தான்” என்று ரிப்போர்ட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “வெளைஞ்சிக்கிட்டுத்தானே இருக்கு. வா, டீ குடிக்கலாம்.”